ஆம்ப்ளிபயர் வாங்கியும் ஹெட்போனில் சத்தம் போதவில்லையா?

ஹெட்போனில் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று ஆம்ப்ளிபயர் பெட்டி ஒன்றை வாங்கி இணைக்கிறோம். பாட்டைப் போட்டால், முன்பு கேட்டதைவிடக் குறைவாகக் கேட்கிறது! சென்ற மாதம் என் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. பணி ஓய்வு பெற்றவர். இரவில் வீட்டார் தூங்கிய பின் கச்சேரி கேட்பது அவர் வழக்கம். "பெட்டியில் கோளாறு, திருப்பித் தரப் போகிறேன்" என்று போனில் புலம்பினார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நேரில் போய்ப் பார்த்தேன்.

ஆம்ப்ளிபயர் தானாக ஒலியை உண்டாக்குவதில்லை. வருவதைப் பெருக்கித் தரும், அவ்வளவுதான். மாடித் தொட்டியின் வால்வைப் பாதி மூடிவிட்டு, சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்தால் தண்ணீர் எப்படி வரும்? கம்ப்யூட்டரில் இப்படிப்பட்ட வால்வுகள் நான்கைந்து உள்ளன. எது மூடியிருக்கிறது என்று தேட வேண்டும்.

தேடும் முன் ஒரு எச்சரிக்கை. ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, ஆம்ப்ளிபயரின் வால்யூமை முழுவதும் குறைத்துவிடுங்கள். அதை உச்சத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வால்யூமைக் கூட்டினால், திடீரென்று காதைப் பிளக்கும் சத்தம் வரும்.

முதல் வால்வு, பாட்டு ஓடும் புரோகிராமிலேயே இருக்கிறது. நண்பர் யு-ட்யூப் பார்ப்பவர். அந்த வீடியோவின் வால்யூம் கோடு கால் பங்கில் நின்றது. என்றோ விளம்பரச் சத்தம் தாங்காமல் குறைத்தாராம், மறந்துவிட்டார். அடுத்து விண்டோஸ். விண்டோஸ் 11ல் டாஸ்க் பாரின் வலது ஓரம் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, வால்யூம் மிக்சரைத் திறந்திடுங்கள். அங்கு ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அளவு காட்டப்படும். பிரவுசர் மட்டும் 20ல் இருக்கலாம். எல்லாவற்றையும் 100க்குக் கொண்டு சென்று, இனி சத்தத்தை ஆம்ப்ளிபயரில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். கம்ப்யூட்டரில் குறைத்து ஆம்ப்ளிபயரில் கூட்டினால், பாட்டுடன் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இணைய அழைப்பு பேசும்போது மட்டும் பாட்டு அமுங்குகிறதா? அது கோளாறு அல்ல. சவுண்ட் செட்டிங்ஸ் பக்கத்தின் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' கிளிக் செய்து, கம்யூனிகேஷன்ஸ் டேபிற்குச் செல்லுங்கள். மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி விண்டோஸ் தானே வைத்திருக்கும். 'டூ நத்திங்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சரி செய்தும் பிரச்னை முழுதாகத் தீரவில்லை. வயலின் ஓரளவு கேட்டது. பாடுபவர் குரல் மட்டும் எங்கோ அடுத்த தெருவிலிருந்து வந்தது. இதுதான் நல்ல துப்பு. அவர் ஹெட்போனின் பிளக் 3.5 மி.மீ.; ஆம்ப்ளிபயரின் துளையோ 6.3 மி.மீ. நடுவில் ஒரு அடாப்டர். அதில் பிளக் முழுதாக இறங்கவில்லை. கிரவுண்ட் இணைப்பு கிடைக்காவிட்டால், இடது வலது ஒலிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே ஹெட்போனில் கேட்கும். இரண்டிலும் ஒரே மாதிரி வரும் குரல் அடிபட்டுப் போகும். அழுத்தினேன், 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. பாடகர் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்கு இவை எதிலும் விடை கிடைக்கவில்லை என்றால், ஹெட்போனின் ஓம்ஸ் அளவைப் பாருங்கள். சாதாரண ஹெட்போன்கள் 32 ஓம்ஸ் அளவில் இருக்கும். ஸ்டூடியோ வகையில் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம்ஸிலும் சென்ஹைசர் எச்டி 600 மாடல் 300 ஓம்ஸிலும் வருகின்றன. இத்தகையவற்றுக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை. பல ஆம்ப்ளிபயர்களில் 'கெயின்' என்றொரு சிறிய சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் பின்பக்கம் ஒளிந்திருக்கும். அதை 'லோ'விலிருந்து 'ஹை'க்கு மாற்றுங்கள். 32 ஓம்ஸ் ஹெட்போனுக்கு பெரும்பாலும் 'லோ' போதும்.

சத்தம் கிடைத்த மகிழ்ச்சியில் உச்சத்துக்குப் போய்விட வேண்டாம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெசிபல் 3 கூடினால் நேரம் பாதியாகக் குறையும்.

எல்லாம் பார்த்தும் சத்தம் வரவில்லையா? வேறொரு ஹெட்போனை அதே ஆம்ப்ளிபயரில் மாட்டுங்கள். அதிலும் குறைவாக இருந்தால், உங்கள் ஹெட்போனை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அங்கு நன்றாகக் கேட்டால், பெட்டிக்குச் செல்லும் கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு, கடை பில்லைத் தேடி எடுங்கள்.