தோட்டத்துக் கண்ணாடி

சிறிய தோட்டத்தைப் பெரிதாக்க ஒரு வழி உண்டு. அதற்காக அடுத்த மனையை விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. மதிற்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியைப் பொருத்தினாற் போதும். கண்ணாடிக்குப் பத்தடி முன்னால் ஒரு செம்பருத்திச் செடி நின்றால், அதன் பிம்பம் கண்ணாடிக்குப் பத்தடி பின்னால் நிற்கும். பொருள் எவ்வளவு முன்னோ, பிம்பம் அவ்வளவு பின் என்று நாம் பள்ளியில் மனனம் செய்த விதிதான் இது. அந்த விதியினால் பத்தடித் தோட்டம் கண்ணுக்கு இருபதடித் தோட்டமாகிவிடுகிறது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் நானும் இப்படி ஒரு கண்ணாடியை மாட்டினேன். பழைய அலமாரியின் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடி அது. ஐப்பசி மழை முடிந்து மார்கழி பிறந்தபோது அதன் ஓரங்களில் கரும்புள்ளிகள் தோன்றின. மறு ஆண்டு மழைக்குப் பின் அவை படர்ந்து பாதிக் கண்ணாடியை விழுங்கிவிட்டன. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: “ரசம் போய்விட்டது.” அந்த ரசம் என்பது என்ன, அது ஏன் போகிறது, போகாமல் காப்பது எப்படி என்று நான் தேடி அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ரசம் என்பது பாதரசம். இன்று கடையில் வாங்கும் கண்ணாடியில் பாதரசம் ஒரு துளியும் இல்லை. ஆயினும் நம் பேச்சில் அச்சொல் நிலைத்துவிட்டது. ஒரு காலத்துத் தொழிலின் நினைவை அது சுமந்து நிற்கிறது.

இத்தாலியின் வெனிஸ் நகரத்தை அடுத்துள்ள முரானோ என்னும் தீவு, கண்ணாடித் தொழிலில் நெடுங்காலம் தலைசிறந்து விளங்கியது. அக்காலத்தில் கண்ணாடிக்கு ரசம் ஏற்றிய முறை இது. வழவழப்பான கல் மேசையின் மீது மெல்லிய வெள்ளீயத் தகட்டை விரிப்பார்கள். அதன்மேல் பாதரசத்தை ஊற்றிப் பரப்பி, தூய்மையான கண்ணாடிப் பலகையை மெதுவாக நகர்த்தி ஏற்றுவார்கள். மேலே பாரம் வைத்து அழுத்தி, மிகுந்த பாதரசம் வடியும்வரை பல நாள் விட்டுவிடுவார்கள். வெள்ளீயமும் பாதரசமும் கலந்த இரசக்கலவை கண்ணாடியில் பற்றிக்கொள்ளும்.

இந்தக் கலையைத் தம் நாட்டிலேயே வளர்க்க வேண்டும் என்று பிரான்சு விரும்பியது. வெனிஸ் தொழிலாளர் சிலரை வரவழைத்து, 1665இல் அரசுக் கண்ணாடிச் சாலை ஒன்றை அது நிறுவியது. வெர்சாய் அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடி மண்டபம் 1678 முதல் 1684 வரை கட்டப்பட்டது. அம்மண்டபத்தில் தோட்டத்தை நோக்கிப் பதினேழு பெரிய சன்னல்கள். அவற்றுக்கு நேர் எதிரே பதினேழு கண்ணாடி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் 21 கண்ணாடிகளாக மொத்தம் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டுள்ளன. வெளியே உள்ள தோட்டத்தின் ஒளியை உள்ளே அழைத்துவருவதே அவற்றின் பணி. தோட்டத்துக் கண்ணாடிகளுள் பெருமை மிக்கவை இவை என்றே சொல்லலாம்.

அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர்கள் யார்? பாதரசம் அறையின் வெப்பத்திலேயே ஆவியாகும் இயல்புடையது. அந்த ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளரின் ஈறுகள் புண்ணாயின, பற்கள் ஆட்டங்கண்டன, கைகள் நடுங்கத் தொடங்கின. மன்னர்கள் முகம் பார்ப்பதற்காகக் கண்ணாடி செய்தவனால், ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் பிடித்து அருந்த முடியவில்லை. இக்கொடுமை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இதற்கு விடிவு தந்தது ஒரு சோதனைக் குழாய். 1835இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் என்பார், சில்வர் நைட்ரேட்டுக் கரைசலிலிருந்து ஆல்டிஹைடு என்னும் பொருள் வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடியின் மேல் படியச் செய்வதைக் கண்டார். பின்னர் இம்முறை திருந்தித் தொழிற்சாலைகளில் புகுந்தது, பாதரசம் வெளியேறியது. கல்லூரி மாணவர்களுள் பலர் அம்மோனியாவும் குளுக்கோசும் கொண்டு இதே சோதனையைச் செய்திருப்பீர்கள். ஓர் எச்சரிக்கை: மிஞ்சிய கரைசலை ஒருபோதும் சேமித்து வைக்கலாகாது. நாட்பட்டால் அதில் வெடிக்கும் இயல்புள்ள பொருள் உண்டாகும். ஆசிரியர் முன்னிலையில் செய்து, அவர் சொல்லும் முறைப்படி அன்றே அதை அகற்றிவிட வேண்டும்.

இவ்வாறு படியும் வெள்ளியின் கனம் மிகச் சிறிது. நமது தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும். அதற்கு முக்கியப் பாதுகாப்பு, பின்புறம் பூசிய சாயம். கண்ணாடியை அறுத்த ஓரத்தில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. மழைநீர் ஓரத்தின் வழியே சாயத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ஊர்ந்து செல்கிறது. வெள்ளி அரிக்கப்பட்டுக் கறுக்கிறது. என் கண்ணாடி கெட்டதன் காரணம் இதுவே. அதன் முகத்தை நாள்தோறும் துடைத்தேன். முதுகை ஒரு நாளும் நினைக்கவில்லை.

இரண்டாவது கண்ணாடியைச் செய்தபோது முதுகிலிருந்தே தொடங்கினேன். நான்கு ஓரங்களுக்கும் பின்புறத்துக்கும் எண்ணெய்ச் சாயம் இரண்டு முறை பூசி நன்கு உலரவிட்டேன். இடித்த வீட்டிலிருந்து கிடைத்த தேக்குச் சன்னல் சட்டத்தில் அதைப் பொருத்தினேன். கண்ணாடி ஒட்டும் பசைகளுள் காடி மணம் வீசுவது ஆகாது. அதிலிருந்து வெளிப்படும் அமிலம் வெள்ளியைத் தின்னும். சட்டத்தின் அடிப்பகுதியில் நீர் வடிய இரண்டு துளைகள் இட்டேன். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோட அரை அங்குலம் விட்டேன். நிழலான இடத்தில், சற்றே தரையை நோக்கிச் சாயும்படி மாட்டினேன். கண்ணாடி ஐந்து பாகை சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் கதிர் பத்துப் பாகை திரும்பும். ஆகவே சிறு சாய்வே போதும். வானமும் வெயிலும் விலகிப் பசுமை மட்டும் தெரியும்.

உடைந்த துண்டுகளையும் வீணாக்க வேண்டுவதில்லை. கூர்மையான ஓரங்களை நீர் விட்டுக் கல்லில் தேய்த்து மழுக்கி, முதுகில் சாயம் பூசி, பூந்தொட்டியின் வெளிப்புறத்தில் சிமெண்டில் பதிக்கலாம். உட்குழிந்த பரப்பில் மட்டும் பதிக்காதீர்கள். அது சூரிய ஒளியை ஒன்றுகுவித்துச் சருகைப் பற்றவைக்கக்கூடும்.

கண்ணாடி கெடவில்லை. ஆனால் அடுத்து வந்த பங்குனியில் வேறொரு துன்பம் நேர்ந்தது. ஆண் தேன்சிட்டு ஒன்று தன் பிம்பத்தை எதிரியென்று எண்ணிக் கண்ணாடியைக் கொத்தத் தொடங்கியது. இரை தேட வேண்டிய காலை வேளை முழுவதும் இல்லாத பகைவனோடு போரிட்டது. மூன்றாம் நாள் கண்ணாடியில் ஒரு சிறு இரத்தக்கறையைக் கண்டேன். உடனே பழைய வேட்டி ஒன்றால் அதை மூடினேன். அது முதல் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் கண்ணாடிக்குத் திரையிடுவது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. பறந்து வந்து மோதும் ஆபத்தும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுதோறும் 36 கோடிக்கு மேல் பறவைகள் மடிவதாக 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதனால் கண்ணாடியின் முன் இரண்டு அங்குல இடைவெளியுள்ள மூங்கில் தட்டியையும் நிறுத்தினேன். அதில் முல்லை படர்ந்தது, அழகு குறையவில்லை.

மாணவர்களே, அழகிய பொருள் ஒன்றைக் காணும்போது அதன் முகத்தை மட்டும் பார்த்து அமையாதீர்கள். அதைச் செய்தவர் என்ன ஆனார், அதன் எதிரே வாழும் உயிர்கள் என்ன ஆகின்றன என்றும் கேளுங்கள். இனி ‘ரசம் போன கண்ணாடி’ என்று யாரேனும் சொல்லக் கேட்டால், முரானோவில் நடுங்கிய அந்தக் கைகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.