ஆணா, பெண்ணா?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இந்தப் பழமொழியில் நமக்கு எப்போதுமே அவ்வளவாக நம்பிக்கை இருந்ததில்லை. சென்ற பங்குனியில் ஒரு நாள் மாலை சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போய் வந்த பிறகு, இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

அங்கே மணலில் வேலி கட்டி, அதற்குள் கடலாமை முட்டைகளைப் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். 1988-ஆம் வருஷம் முதல் மாணவர்கள் பலர் இரவில் கடற்கரையோரம் நடந்து, நாய்க்கும் நரிக்கும் இரையாகாதபடி முட்டைகளைத் தேடி எடுத்து வரும் தொண்டைச் செய்து வருகிறார்கள். நாம் போன சமயம் ஒரு குழியின் மேல் மணல் மெல்ல அசைந்தது. கறுப்பாக ஒரு சிறு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. சற்று நேரத்துக்கெல்லாம் உள்ளங்கையில் அடங்கக்கூடிய குஞ்சுகள் எத்தனையோ வெளிவந்துவிட்டன.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, தம்பி?" என்று கேட்டார்.

"பார்த்துச் சொல்ல முடியாது, ஐயா. அது மணலுக்குத்தான் தெரியும்" என்றார் அங்கிருந்த மாணவர்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்றே நினைத்தோம். விசாரித்ததில் அது முழு உண்மை என்று தெரிந்தது.

மனிதர்களாகிய நமக்குக் கருத்தரித்த க்ஷணத்திலேயே ஆண், பெண் என்பது நிச்சயமாகிவிடுகிறது. கடலாமையின் விஷயம் அப்படியல்ல. நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் இந்தப் பிராணி இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் குடம் போல் குழி பறித்து, சுமார் நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. அப்புறம் குஞ்சுகளை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. மணல்தான் செவிலித்தாய். முட்டை பொரிக்க ஏறக்குறைய 45 முதல் 60 நாட்கள் ஆகின்றன. அந்தக் காலத்தின் நடுப்பகுதியில் மணலில் உள்ள உஷ்ணமே குஞ்சு ஆணா, பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சுமார் 30 டிகிரி சென்டிகிரேட் இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். இரண்டு டிகிரி குறைந்தால் பெரும்பாலும் ஆண். இரண்டு டிகிரி கூடினால் பெரும்பாலும் பெண். 35 டிகிரிக்கு மேல் ஏறி நீடித்தாலோ, கருவே முட்டைக்குள் மடிந்துவிடலாம்.

முட்டையின் உஷ்ணத்துக்கு இப்படி ஒரு சக்தி உண்டென்பதை 1966-ல் முதன் முதலாக எடுத்துக் காட்டியவர் மதலேன் ஷார்னியே என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. ஆப்பிரிக்காவில் டக்கார் நகரில் ஓணான் இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் முட்டைகளை ஆராய்ந்து அவர் இதைக் கண்டார். கடலாமைகளும் அவ்விதமே என்பது பின்னால் தெரிய வந்தது.

இதில் நாம் கவலைப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். யந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன் இருந்ததைக் காட்டிலும் பூமியின் சராசரி உஷ்ணம் இன்று ஒரு டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. நமக்கு ஒரு டிகிரி என்றால் விசிறியைச் சற்று வேகமாக வீசிக்கொள்வதோடு சரி. ஆமைக்கோ அது குலத்தின் கணக்கையே மாற்றிவிடும். ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலுள்ள பெரிய பவளத்திட்டில் பச்சை ஆமைகளைப் பரிசோதித்தவர்கள் 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வடபாகத்துச் சூடான கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண்ணாம்!

பெண் பெருகினால் முட்டையும் பெருகும். சில காலம் எல்லாம் க்ஷேமமாகவே தோன்றும். பிறகு துணைக்கு ஆண் கிடைக்காத நாள் வரும். அப்போது விழித்துக்கொண்டு பயனில்லை.

பரிகாரம் இல்லாமல் இல்லை. குழிகளுக்கு மேல் பந்தல் போட்டு நிழல் தந்தால் மணல் குளிர்கிறது. பல தேசங்களில் இதைச் செய்து வருகிறார்கள். ஆனால் உலகத்துக் கடற்கரைகளுக்கெல்லாம் யார் பந்தல் போடுவது?

பத்துக் கோடி வருஷங்களுக்கு மேலாக ஆமைக் குலம் இந்தப் பூமியில் எத்தனையோ வெயிலையும் குளிரையும் பார்த்துப் பிழைத்திருக்கிறது. அந்த மாறுதல்கள் நிதானமாக வந்தன. இப்போது வருவது ஓட்டமாக வருகிறது. ஆமையோ நடக்கத்தான் தெரிந்த பிராணி.

அன்று மாலை குஞ்சுகள் ஒவ்வொன்றாக அலையில் இறங்கி மறைந்தன. நம் வீட்டுக்குள் ஆமை புகுந்ததாக நமக்கு நினைவில்லை. அதன் வீட்டுக்குள் நாம் புகுந்திருக்கிறோம் என்பது மட்டும் நிச்சயம்.