வெட்டாமல் அளக்கும் ஒளி: இந்தூர் லேசர் மையமும் வாய்ப்புற்றுநோயும்

சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடி விளையாடாதவர் நம்மில் அநேகமாக இருக்க மாட்டார்கள். விரல்கள் செக்கச்செவேல் என்று தெரியும். டார்ச்சிலிருந்து புறப்படுவது வெள்ளை வெளிச்சம். விரலைத் தாண்டி வருவதோ சிவப்பு. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிட்டு, சிவப்பை ஓரளவு வெளியே விடுகிறது. உடம்புக்குள் போய் வரும் ஒளி, உள்ளே இருப்பதைப் பற்றிய சேதியையும் கொண்டு வருகிறது என்று அர்த்தம். 2020-ல் கொரோனா காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த ஆக்ஸிமீட்டர் வேலை செய்வதும் இந்தச் சேதியைப் படித்துத்தான்.

இந்தச் சேதியை நோய் அறியப் பயன்படுத்தும் ஆராய்ச்சி, நம் நாட்டில் இந்தூரில் நடக்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நடந்துவந்த லேசர், துகள் முடுக்கிப் பணிகளை விரிவாக்க, அணுசக்தித் துறை 1984-ல் அங்கே ஒரு மையத்தைத் தொடங்கியது. ‘கேட்’ என்று ஊர்க்காரர்கள் அழைத்த அந்த மையத்துக்கு, 2005 டிசம்பரில் விஞ்ஞானி ராஜா ராமண்ணாவின் பெயர் சூட்டப்பட்டது. அறுவை சிகிச்சைக்கான கார்பன் டை ஆக்ஸைடு லேசரும் இங்கே உருவானதுண்டு. ஆனால் நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான விஷயம், வாய்ப்புற்றுநோய் பற்றிய இவர்களுடைய ஆராய்ச்சி.

வாய்க்குள் ஒரு வெள்ளைத் திட்டு

குட்கா, கைனி, ஜர்தா பழக்கம் வடக்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது இங்கே வாழும் நமக்குத் தெரியும். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு வரும். “சும்மா வாய்ப்புண்தாங்க, பி-காம்ப்ளெக்ஸ் போட்டா சரியாயிடும்” என்று நாள் கடத்துவோம். டாக்டருக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாத் திட்டும் புற்று அல்ல. உறுதி செய்யக் கொஞ்சம் சதையை வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுதான் பயாப்ஸி. எந்த இடத்தில் வெட்டுவது? இடம் தவறினால் நோயும் கண்ணில் படாமல் போகலாம்.

இங்கேதான் ஒளி உதவுகிறது. நைட்ரஜன் லேசரின் 337 நானோமீட்டர் புற ஊதா ஒளியைக் கண்ணாடி இழை வழியாகத் திட்டின்மேல் பாய்ச்சினால், சதை தானே மங்கலாக ஒளிரும். அப்படி ஒளிரும் பொருள்களில் முக்கியமானவை, திசுவைத் தாங்கி நிற்கும் கொல்லாஜென் புரதமும், செல்லின் சக்தி உற்பத்தியில் பங்குபெறும் என்.ஏ.டி.ஹெச். என்ற பொருளும். புற்று வளரும்போது இரண்டின் விகிதமும் மாறுகிறது. ஆகவே ஒளியின் நிறக்கலவையும் மாறுகிறது. நம் கண்ணுக்குப் பிடிபடாத அந்த வித்தியாசத்தைக் கருவி அளந்துவிடும்.

ராமன் கண்டது

இன்னொரு வழி, திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் காட்டியது. அவரும் வேலை நிமித்தம் வெளியூர் போன தமிழர்தான். 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றவர், ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். பிறகு பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-ல் அவர் கண்டறிந்தது இது: ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கைரேகை மாதிரி. ஆனால் பங்கு ரொம்பக் குறைவு. கோடியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 1960-ல் லேசர் பிறந்து, பலமான ஒற்றை நிற ஒளி கிடைத்த பிறகுதான் இதைச் சுலபமாக அளக்க முடிந்தது.

இந்தூர் விஞ்ஞானிகள் மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்களோடு சேர்ந்து, நோயாளிகளின் வாயிலேயே ராமன் அளவீடுகள் எடுத்தார்கள். அதில் ஒரு பாடம் கிடைத்தது. நோயே இல்லாத வாயிலும் உதடு, நாக்கு, கன்னம், அண்ணம் எல்லாம் ஒரே மாதிரி ஒளியைத் திருப்புவதில்லை. ஆகவே கன்னத்தைக் கன்னத்தோடும், நாக்கை நாக்கோடும்தான் ஒப்பிட வேண்டும். நல்ல லேசர் இருந்தால் மட்டும் போதாது; எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதும் சரியாக இருந்தால்தான் அளவுக்கு மதிப்பு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒளி சந்தேகத்தைக் காட்டும். தீர்ப்பு சொல்வது இன்னமும் பயாப்ஸிதான். வெட்டு தேவையா, தேவையானால் எங்கே என்று முடிவெடுக்கக் கைகொடுப்பதே இதன் பெருமை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் வாய்ப்புற்றுநோயைக் குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. முற்றிவிட்டால் தாடையையே இழக்க நேரிடலாம்.

ஆனால் எந்தக் கருவியும், நாம் வாயைத் திறந்து காட்டினால்தானே வேலை செய்யும்? இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் சிரமம், இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவோ, மாமாவோ “எனக்கு ஒண்ணும் இல்லப்பா” என்று தட்டிக் கழித்தால், இன்றைக்கு ராத்திரி அதே டார்ச்சை எடுத்துப் பிள்ளைகளே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.