உறவினரையும் பழைய நண்பரையும் காணப் புறப்படும் மூத்த தம்பதியருக்கு

பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஒரு வாகனத்தில் ஏறி, பத்துப் பதினைந்து நாள் ஊர் ஊராகச் சென்று, பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் பழைய நண்பர்களையும் கண்டு திரும்புவது மேலை நாடுகளில் வழக்கமாகிவிட்டது. படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியையே வீடாகக் கொண்டு சுற்றிவரும் முதியோரை ஆஸ்திரேலியாவில் ‘நரைத்த நாடோடிகள்’ என்று வேடிக்கையாக அழைப்பார்கள். நம் அண்டை மாநிலமான கேரளமும் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அவ்வகை வண்டிகளைக் காண்பது அரிது. இங்குள்ள தம்பதியர் சொந்தக் காரிலோ, ஓட்டுநரோடு அமர்த்திய வாடகைக் காரிலோ புறப்படுகிறார்கள். அறந்தாங்கியிலிருந்து திருச்சி, அங்கிருந்து சேலம், கோயம்புத்தூர், திரும்பும் வழியில் மதுரை, இறுதியில் குலதெய்வக் கோயில் என்று வழி அமையும். ஊர்களைச் சுற்றிப் பார்ப்பதைவிட மனிதர்களைப் பார்த்து வருவதே இப்பயணங்களின் நோக்கம்.

புறப்படும் முன் எங்களிடம் கேட்டுக்கொள்ள வருபவர்கள் உண்டு. உடன் வரும் மகனோ மகளோ, “போக வேண்டாமென்று நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர்” என்று கண்ணால் சாடை காட்டுவதும் உண்டு. அந்த அச்சத்தை நாங்கள் குறை கூறவில்லை. தந்தைக்குச் சர்க்கரை நோய், தாய்க்கு இரத்த அழுத்தமும் முழங்கால் தேய்மானமும் என்றால் எந்தப் பிள்ளைக்கும் கவலை வரும். ஆனால் ஒரு முரண்பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். திட்டமிட்ட பயணத்தைத் தடுக்கும் அதே குடும்பம், ஒரு துக்கச் செய்தி வந்ததும் அதே பெற்றோரை நள்ளிரவில் காரில் ஏற்றி 300 கிலோமீட்டர் அழைத்துச் செல்லத் தயங்குவதில்லை. மாத்திரைப் பை வீட்டிலேயே தங்கிவிடும். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. மதியம் வரை வயிறு காலியாகவே இருக்கும். ஓட்டி வருபவரும் உறங்கியிருக்க மாட்டார். மூத்தவர்களின் பயணங்களில் எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். உயிரோடிருக்கும் நண்பரைக் காணப் பகலில், நிதானமாக, மருந்தோடு போகும் பயணம் அதைவிடப் பாதுகாப்பானது. நண்பரும் எழுந்து வந்து வரவேற்பார்.

மனித உறவுகளுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்ட ஒன்றே. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் 148 ஆய்வுகளை, அதாவது 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். நெருங்கிய உறவும் நட்பும் உடையவர்கள் அந்த ஆய்வுகளின் காலத்தில் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு, அவை குறைந்தவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒருமுறை கோவைக்குப் போய்வந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடல் நலமாக உள்ளவர்களே எளிதில் நட்பைப் பேணுகிறார்கள் என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஆயினும் “வீடியோ காலில் பேசிக்கொள்ளலாமே” என்று எளிதாக முடித்துவிடக்கூடிய விஷயம் அன்று இது.

வழித்திட்டத்தைப் பார்க்கும்போது நாங்கள் கேட்கும் ஒரு கேள்வி சிலருக்கு வியப்பளிக்கும்: இதில் அம்மாவின் தோழி எவரேனும் உண்டா? பெரும்பாலும் கணவரோடு பணிபுரிந்தவர்களும் கணவரின் உறவினருமே பட்டியலில் இருப்பார்கள். மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணகுமார், கூட்டுக் குடும்பத்தின் அடுப்படியிலேயே வாழ்நாளைக் கழித்த தம் தாயார் சூடாரத்னா அருகிலுள்ள பேலூரைக்கூடப் பார்த்ததில்லை என்று அறிந்து, 2018 ஜனவரியில் தந்தை அளித்த பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் அவரை அமர்த்தி நாடு முழுவதும் அழைத்துச் சென்றது பலரும் அறிந்த செய்தி. மூத்தவர்களை ஸ்கூட்டரில் நெடுந்தொலைவு அழைத்துச் செல்லுங்கள் என்று நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அந்தத் தாயைப் போன்றவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள் என்பதற்காகவே அதை நினைவூட்டுகிறோம்.

இனி உடலைப் பற்றி. நீண்ட பயணத்தில் பலரும் எண்ணிப் பாராத இடர், கால் நரம்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைவது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. முழங்கால் மடங்கிய நிலையில் மணிக்கணக்காக அமர்ந்தால் அந்த வேலை நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, விமானமோ ரயிலோ பேருந்தோ காரோ, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் இவ்விடர் ஏறக்குறைய இரு மடங்காகிறது. இரு மடங்கு என்றதும் அஞ்ச வேண்டாம். உடல்நலமுள்ளவர்களில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே நேர்கிறது. ஆனால் அண்மையில் இடுப்பு அல்லது முழங்கால் அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், முன்பு இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புறப்படக் கூடாது. மற்றவர்களுக்கு எளிய வழி போதும்: ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடப்பது, அமர்ந்திருக்கையில் பாதங்களை மேலும் கீழும் அசைப்பது. ‘இரத்தம் இளகட்டும்’ என்று தாமாகவே ஆஸ்பிரின் போட்டுக்கொள்வது தவறு. பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

வழியில் நல்ல கழிவறை கிடைக்காது என்று அஞ்சிப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இது மிகவும் கெடுதல். சிறுநீர்த் தொற்றும் தலைசுற்றலும் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகின்றன. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து உண்பவர்களுக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். முதல் நிறுத்தம் எங்கே என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நீர் மாத்திரை உண்பவர்கள் அதை அடியோடு விட்டுவிடாமல், ஊர் சேர்ந்தபின் எடுத்துக்கொள்ளலாமா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இதய பலவீனத்துக்காகத் தண்ணீரின் அளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்குச் சாலையைவிடச் சோதனை மிகுந்த இடம் விருந்தினர் வீடு. ஒரே நாளில் மூன்று வீடுகள். ஒவ்வொன்றிலும் காபி, கேசரி, “ஒன்றும் ஆகாது, ஒரு கரண்டிதானே” என்ற அன்பு. முப்பது ஆண்டுக்குப் பின் சந்திக்கும் நண்பர் வீட்டில் வேண்டாம் என்று சொல்வது எளிதன்று. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால் பேச்சுக்கும் நேரம் கிடைக்கும், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. காலையில் மாத்திரையோ இன்சுலினோ போட்டாயிற்று. விருந்து தயாராகப் பிற்பகல் மூன்று மணி ஆகிறது. இடையில் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றும். தாமே கார் ஓட்டுபவராயின் விபத்தில் முடியலாம். ஆகவே இன்சுலின் போடுபவர்கள் ஓட்டத் தொடங்கும் முன்பும், பின்னர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளட்டும். 90-க்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்டபின் ஓட்டலாம். 70-க்குக் கீழ் சென்றால் ஓரமாக நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அளவு சரியானபின்னும் முக்கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டாம்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலானவை 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத சூட்டில் நான்கு வாரம் வரை கெடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரினுள் அந்த வரம்பு சில நிமிடங்களில் கடந்துவிடும். வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில், ஈரத்துணி சுற்றிய டப்பாவினுள் வைத்துக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பனிக்கட்டியோடு நேராக ஒட்டி வைத்தால் உறைந்து கெடும். உறைந்ததைப் பயன்படுத்தவே கூடாது.

கண்புரை உள்ளவர்கள் இரவில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். எதிரே வரும் விளக்கொளி கண்ணை மறைத்துவிடும். பின் இருக்கையில் அமர்பவர்களும் சீட் பெல்ட் அணிய வேண்டும். மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிச் சட்டைப்பையில் ஒன்றும் கைப்பையில் ஒன்றுமாக வையுங்கள். அவசரத்துக்கு 108.

நினைவுத் தடுமாற்றம் உள்ளவரை அழைத்துச் செல்வோர் நாளுக்கு ஒரு வீடாக மாறாமல், ஓரிடத்தில் தங்கி மற்றவர்களை அங்கே வரவழைப்பது நல்லது. புதிய அறையில் இரவில் விழிக்கும்போதுதான் அவர்கள் மிகவும் கலங்குகிறார்கள்.

புதிதாக நெஞ்சு வலி வந்தவர்கள், அண்மையில் மாரடைப்புக்கு ஆளானவர்கள், படுத்தால் மூச்சு முட்டுபவர்கள் ஆகியோரைப் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்வோம். ஏனையோர் புறப்பட மூன்று வாரம் முன்பே வந்தால் மருந்தைச் சீர்செய்து, அதன் பலனையும் பார்த்தபின் அனுப்பலாம். வரும்போது மருந்துச் சீட்டோடு, எந்த நாள் எந்த ஊர் என்று எழுதிய வழித்திட்டத்தையும் கொண்டுவாருங்கள். திரும்பி வந்ததும் சர்க்கரை நோயாளிகள் உள்ளங்கால்களைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தோடு உச்சிவெயிலில் கோயில் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றியவர்களுக்கு, கொப்புளம் எழுந்தது வீடு வந்து சேரும் வரை தெரிவதில்லை.