சிவப்பு நூல் ஏன் கசிகிறது?

தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் போடும் எம்பிராய்டரியைச் செய்திமடலில் அச்சிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருநீலத் துணியில் மெல்லிய சிவப்பு நூல். செல்போன் திரையில் தையல் தையலாகத் தெரிந்த படம், அச்சில் சிவப்பு கசிந்து மங்கிப்போய் வருகிறது. பழி அச்சகத்தின் மேல் விழும். ஆனால் கோளாறு பெரும்பாலும் கோப்பில்தான் இருக்கும்.

1992இல் தரநிலையாக வந்த ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணில் எளிதில் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைப் பிடிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டைப் பிடிக்காது. அதனால் பொதுவாக நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் பதிவாகும். ஒகேனக்கல் அருவிப் படத்தில் இந்தச் சிக்கனம் தெரியாது. ஓரிரு புள்ளி அகலமே உள்ள சிவப்பு நூலில் தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். மூன்றரை அங்குலப் பத்திக்கு 1050. 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் 4000 புள்ளி. நிறத் தகவல் அதில் பாதி, 2000. தாராளம். அதையே 1600 ஆகச் சுருக்கி அனுப்பினால் நிறத்துக்கு 800தான் மிஞ்சும். அங்கேதான் நூல் கசிகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இப்படித்தான் சுருங்கும்; ஆகவே டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் தொடங்கிய, படம் திருத்தும் கிம்ப் இன்றும் இலவசம். வேலை முடியும்வரை அதன் எக்ஸ்சிஎஃப் வடிவிலேயே சேமியுங்கள். ஜேபெக்காகத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ். 2024இல் வந்த 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ எடுங்கள், பழைய 1.4இல் தமிழ் எழுத்தும் கொம்பும் சரியாகச் சேராது.

மூலப் படத்தைக் காப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு. படம் ஒன்று 4 எம்பி என்றால் ஆயிரம் படத்துக்கு 4 ஜிபி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மின்னஞ்சலும் பங்குக்கு வரும். கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறிடத்தில் ஒன்று என மூன்று பிரதி இருக்கட்டும். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்கத்தான்; ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க அதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு உரைக்கோப்பு இருக்கட்டும்: எடுத்த தேதி, எடுத்தவர் பெயர், தையல் போட்டவர் பெயர், வெளியிட அவர் சம்மதித்தாரா என்பது.