வயலின் நண்பர்களைக் குழந்தைகளுக்குக் காட்டுவோம்

நெல் வயலில் கண்ணில் படும் பூச்சிகள் எல்லாம் பயிரைத் தின்பவை அல்ல. தின்ன வரும் பூச்சியைப் பிடித்துத் தின்னும் பூச்சிகளும் சிலந்திகளும் அதே வயலில்தான் வாழ்கின்றன. இவற்றில் யார் பகைவன், யார் நண்பன் என்று தெரியாதபோது, எதைப் பார்த்தாலும் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டும் பழக்கம் வந்துவிடுகிறது. பணம் செலவாகிறது, நண்பர்களும் சேர்ந்து மடிகின்றன.

இந்த அறிவைப் பெரியவர்களுக்குப் புகட்டப் பயிற்சி முகாம்கள் உண்டு. ஆனால் நாளை அதே நிலத்தை உழப் போகும் குழந்தைகளுக்கு? மாடு மேய்க்கவும் மடை திறக்கவும் பெரியவர்களோடு போய்த் தானாகக் கற்ற காலம் மாறிவிட்டது. பள்ளிப் பேருந்து காலையில் ஏற்றிக்கொண்டு மாலையில் இறக்கிவிடுகிறது. வாசலிலேயே வயல் இருந்தும், அதில் வாழும் உயிர்களின் பெயர் தெரியாத பிள்ளைகள் பெருகி வருகின்றனர். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்தக் குறையைப் போக்கிவிடலாம்.

எப்போது போவது?

விடுமுறை நாளில் காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை ஏற்றது. பனி முழுதும் காயாத அந்த நேரத்தில் பூச்சிகள் சுறுசுறுப்பின்றி இருக்கும். சிலந்தி வலைகள் பனித்துளியோடு பளிச்சென்று தெரியும். நான்கு வயதுக் குழந்தை முதல் அழைத்துப் போகலாம். ஒரு பெரியவருக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். கையில் ஒரு சிறு கண்ணாடிப் பாட்டில், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

வேகமாக நடப்பதில் பயனில்லை. வரப்பில் ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு நெற்குத்தை நுனி முதல் அடி வரை பார்க்கச் சொல்ல வேண்டும். பெரியவர் கண்ணுக்குத் தப்புவது குழந்தையின் கண்ணில் படும். உயரம் குறைந்தவர்கள் அல்லவா!

என்னென்ன காட்டலாம்?

முதலில் சிலந்தி. நெற்குத்தின் அடியில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வலை பின்னாமல் ஓடியாடி இரை பிடிப்பது ஓநாய்ச் சிலந்தி. புகையான் எனப்படும் தத்துப்பூச்சியும் அதே அடிப்பகுதியில்தான் சாறு உறிஞ்சும். ஓர் ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னக்கூடியது. தாய்ச் சிலந்தி முட்டைப் பையைப் பின்புறம் ஒட்டிக்கொண்டே திரியும். பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிச் சுமக்கும். இதை ஒரு முறை பார்த்த குழந்தை சிலந்தியை மிதிக்காது.

அடுத்து பொறிவண்டு. சிவப்பு முதுகில் கரும்புள்ளி கொண்ட வண்டைப் பலருக்கும் தெரியும். அதன் புழுவைத் தெரிந்தவர் குறைவு. கறுத்து நீண்டு, குட்டி முதலை போலத் தோன்றும் அந்தப் புழுவைப் பயிருக்குக் கேடு என்று எண்ணி நசுக்கி விடுகிறார்கள். உண்மையில் அசுவினியைக் கூட்டம் கூட்டமாகத் தின்று தீர்ப்பது அதுதான். வரப்பில் தட்டைப்பயறு ஊன்றியிருந்தால், அசுவினி மொய்க்கும் கொடியில் வண்டையும் புழுவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம்.

தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டி விளையாடுவது குழந்தைகளின் வழக்கம். அதற்குப் பதிலாக, அது எங்கே பிறந்தது என்று கேட்கலாம். தட்டானின் இளம் பருவம் நீருக்குள் கழிகிறது. அப்போது கொசுப் புழுக்களைத் தின்கிறது. இறக்கை முளைத்தபின் பறந்தபடியே பூச்சி பிடிக்கிறது. வாய்க்கால் ஓரக் கோரைத் தண்டில் அது கழற்றிவிட்டுப் போன கூட்டைத் தேடச் சொன்னால், நூல் விளையாட்டு மறந்துபோகும்.

பகைவனையும் காட்டுதல் வேண்டும். குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி மஞ்சள் நிறம். முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். இலை நுனியில் முட்டைகளைக் குவியலாக இட்டு, பழுப்பு நிற ரோமத்தால் மூடிவிடும். இந்தக் குவியலைத் தேடி எடுப்பதில் குழந்தைகளுக்கு நிகர் இல்லை.

சட்டிக்குள் சோதனை

எடுத்த முட்டைக் குவியலை உடனே நசுக்க வேண்டாம். இலைத் துண்டோடு பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வைக்கலாம். ஒரு வாரம் பத்து நாளில், புழு வருகிறதா அல்லது கடுகினும் சிறிய குளவி வருகிறதா என்று பார்க்க வேண்டும். டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவி, குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து வெளியேறும். புழு வந்தால் அழித்துவிடலாம். குளவி வந்தால் வயலில் திறந்துவிட வேண்டும்.

மற்றொரு சோதனையும் எளிது. இரண்டு மண்சட்டிகளில் ஆளுக்கொரு நெற்குத்தை நட்டு, கொசுவலைத் துணியால் மூட வேண்டும். இரண்டிலும் பத்துப் பத்து தத்துப்பூச்சிகள். ஒன்றில் மட்டும் ஓர் ஓநாய்ச் சிலந்தி. மறுநாள் காலை குழந்தையே எண்ணிப் பார்க்கட்டும். எந்தப் பாடப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எண்ணிக்கை கற்ற பிள்ளை

இது வெறும் விளையாட்டு அல்ல. மருந்து தெளிக்கலாமா வேண்டாமா என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. புகையானுக்கு வேளாண் துறையினர் கூறும் பொருளாதார சேத நிலை, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு தத்துப்பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதாவது ஒரு சிலந்தி இருப்பதால் பொறுக்கும் அளவு இரட்டிப்பாகிறது. பத்துக் குத்துகளில் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி நோட்டில் எழுத இரண்டாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். அந்தக் கணக்கு ஒரு தெளிப்பைத் தவிர்த்தாலும் மருந்து விலையும் ஆள் கூலியும் மிச்சம்.

எண்ணாமல் தெளித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா சான்று. அங்கே மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. காரணம், அதைத் தின்னும் உயிர்கள் முதலில் மடிந்தன. 1986-ல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் உழவர்களை வயலிலேயே உட்கார வைத்துப் பூச்சிகளை எண்ணவும் வரையவும் பழக்கும் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. அம்முறையே பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது.

தவளையும் ஆந்தையும்

மழைக்குப் பின் தேங்கிய நீரில் தலைப்பிரட்டைகளைக் காட்டலாம். நான்கைந்தைப் பாட்டிலில் எடுத்துப் பார்த்துவிட்டு அதே நீரில் விட்டுவிட வேண்டும். வளர்ந்த தவளை வயலின் கூலி வாங்காத காவலாள். தவளைக்கால் ஏற்றுமதிக்காக ஒரு காலத்தில் தவளைகள் பெருமளவில் பிடிக்கப்பட்டன. 1987-ல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

ஆந்தை அலறினால் கேடு என்று குழந்தையைப் பயமுறுத்துவோர் உண்டு. அதற்கு மாற்று மருந்து, கூகை தங்கும் பழைய மண்டபத்தின் அடியிலோ பனை மரத்தடியிலோ கிடக்கும் கரிய உருண்டைகள். கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். காய்ந்த உருண்டையைக் குச்சியால் பிரித்தால் எலியின் மண்டை ஓடு, தாடை, பற்கள் தனித்தனியே தெரியும். எத்தனை மண்டை ஓடோ அத்தனை எலி! அதன்பின், வயலில் குறுக்குக் கட்டை கட்டிய கம்பையோ தென்னை மட்டையையோ நட்டு ஆந்தைக்கு இருக்கை போடும் வேலையை, பிள்ளைகளே முன்னின்று செய்வார்கள். பகலில் அதே கம்பில் இரட்டைவால் குருவி அமர்ந்து பூச்சி பிடிக்கும்.

எச்சரிக்கையும் பாடமே

பாம்பு என்றதும் அடிப்பது ஊர் வழக்கம். சாரைப்பாம்புக்கு நஞ்சில்லை, எலியைத் தின்னும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் பகுதியில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை. ஆனால் பாம்பை இனம் பிரித்துப் பார்ப்பது குழந்தையின் வேலை அல்ல. எந்தப் பாம்பைக் கண்டாலும் அசையாமல் நின்று, பின்வாங்கி, பெரியவரைக் கூப்பிடுவதே அதற்குரிய பாடம். வளைக்குள்ளும் வைக்கோல் போருக்குள்ளும் கை விடக் கூடாது. செருப்பின்றி வரப்பில் நடக்கக் கூடாது.

கடித்துவிட்டால் கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே போடப்படும் நஞ்சு முறிவு மருந்து பாம்பின் நஞ்சிலிருந்தே தயாராகிறது. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்புகளிடம் நஞ்சு எடுத்துக்கொண்டு, அவற்றை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றின் பக்கமும் மோட்டார் கொட்டகைக்கும் குழந்தைகளைத் தனியே விடலாகாது. மருந்து தெளித்த வயலுக்குள் ஒரு வாரமாவது அழைத்துச் செல்லக் கூடாது. மருந்து டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தையும் கற்பித்து வைக்கலாம். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எந்த நிறமானாலும் தொடக் கூடாது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் கட்டாயம்.

வேடந்தாங்கல் காட்டிய வழி

உயிர்களைக் காப்பதால் உழவனுக்கு என்ன லாபம் என்பதை செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் நெடுங்காலமாக அறிவர். ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த நீர், பயிருக்கு உரமாகிறது. அதனால் அங்கே பறவைகளைச் சுட விடாமல் தடுத்து, 1798-லேயே ஆட்சியரிடம் உத்தரவு பெற்றனர். சட்டம் வருவதற்கு முன்பே அந்தக் காவல் நிலைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்கு அந்த ஏரியைக் காட்டிக் கொடுத்ததுதான்.

ஒவ்வொரு ஊரிலும் ஏரி இல்லாவிட்டாலும் ஒரு வரப்பு உண்டு. நிலப் பட்டாவைப் பிள்ளை பெயருக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. அந்த நிலத்தில் வாழும் உயிர்களை அறிமுகம் செய்து வைக்கப் பல வாரங்கள் ஆகும். வரும் விடுமுறை நாளிலேயே தொடங்குவது நலம்.