படைத்துறை விடுவிப்பு ஆணையை மாற்றக் கோருதல் (இந்தியா)

படைத்துறை விடுவிப்பு ஆணையை மாற்றக் கோருதல் என்பது, ஒழுங்கீனம் அல்லது தகுதியின்மை காரணமாக இந்தியப் படைகளிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர், அவ்வாணையை நீக்கும்படியோ தமக்குப் பாதகம் குறைந்த வேறு வகையாக மாற்றும்படியோ சட்டப்படி முறையிடுவதாகும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கெனவே விடுவிப்பு மீளாய்வு வாரியங்கள் இயங்குகின்றன; விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் அவற்றில் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் அத்தகைய தனி வாரியம் இல்லை. முதலில் படைத் தலைமைக்கோ அரசுக்கோ மனு, அதன்பின் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் என்பதே இங்குள்ள வழி. இக்கட்டுரை பெரும்பாலும் தரைப்படையின் சிப்பாய் முதலான பிற நிலை வீரர்களைப் பற்றியது. வான்படைக்கும் கடற்படைக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

விலக்கலின் வகைகள்

அரசியலமைப்பின் 310ஆம் உறுப்பின்படி படைவீரர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பணியில் இருக்கிறார். குடிமைப் பணியாளருக்கு 311ஆம் உறுப்பு அளிக்கும் பாதுகாப்பு அவருக்கு இல்லை. ஆகவே அவருக்குள்ள பாதுகாப்பு முழுவதும் 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டத்திலும் 1954ஆம் ஆண்டின் தரைப்படை விதிகளிலும் அடங்கியுள்ளது.

வீரர்கள் டிஸ்மிசல் என வழங்கும் பணியறவு மிகக் கடுமையானது. இது படைத்துறை நீதிமன்றத்தின் தண்டனையாகவோ, சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி நிருவாக ஆணையாகவோ வரலாம். பணிநீக்கம் இதற்கு அடுத்த நிலையில் உள்ளது. டிஸ்சார்ஜ் எனப்படும் விடுவிப்பு 22ஆம் பிரிவின்கீழும் விதி 13இன்கீழும் வருவது. பணிக்காலம் முடிந்து வீடு திரும்புபவரும், "வேண்டாதவர்" என அனுப்பப்படுபவரும் இந்த ஒரே விதியின் வெவ்வேறு உட்பிரிவுகளில் விடுவிக்கப்படுகின்றனர்.

எவ்வகையில் விலக்கப்பட்டாலும், விலக்கிய அதிகாரி, காரணம், மொத்தப் பணிக்காலம் ஆகியவற்றைக் குறிக்கும் சான்றிதழை ஆங்கிலத்திலும் வீரரின் தாய்மொழியிலும் வழங்கவேண்டும் என 23ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ் வீரர் தமிழில் சான்றிதழ் கேட்பது உரிமையே அன்றிச் சலுகை அன்று.

ஓய்வூதியத்தின் மீதான விளைவு

பிற நிலை வீரருக்குப் பணி ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டுத் தகுதிப் பணி தேவை. தரைப்படை ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின்படி, பணியறவு பெற்றவர் முந்தைய பணி முழுமைக்கும் ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் இழக்கிறார். குடியரசுத் தலைவர் தம் விருப்புரிமையில் விதிவிலக்கு அளிக்கலாம். 15 ஆண்டு முடித்தபின் விடுவிக்கப்பட்டவருக்கோ ஓய்வூதியம் உண்டு. ஆகவே 20 ஆண்டு பணியாற்றியவருக்குப் பணியறவு என்ற சொல் விடுவிப்பு என மாறுவதே வாழ்நாள் வருமானம். பதினான்காம் ஆண்டில் விடுவிக்கப்பட்டவருக்கு அந்தச் சொல் மட்டும் போதாது, ஆணையே செல்லாது என நிறுவவேண்டும்.

ஓய்வூதியம் தவிர, ஒழுங்கீனம் அல்லது திறமையின்மை காரணமாக விலக்கப்பட்டவர் மத்திய அரசுப் பணிகளுக்கான 1979ஆம் ஆண்டு விதிகளில் "முன்னாள் படைவீரர்" என்ற வரையறைக்குள் வருவதில்லை. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு பணிக்கு ஓய்வூதியமே இல்லையாதலால், இச்சிக்கல் அக்னிவீரர்களுக்கு இவ்வடிவில் எழாது.

சிவப்பு மைப் பதிவுகள்

சட்டத்தின் 80ஆம் பிரிவின்கீழ் கட்டளை அதிகாரி சுருக்க விசாரணை நடத்தி, 28 நாள் வரை சிறை அல்லது காவல், கடும் கண்டனம் முதலிய தண்டனைகளை விதிக்கலாம். இவற்றுள் கடுமையானவை வீரரின் நடத்தைத் தாளில் சிவப்பு மையில் எழுதப்படும். விடுப்பு முடிந்தும் திரும்பாமை, மதுபோதை ஆகியன வழக்கமான காரணங்கள். இத்தகைய பதிவு நான்கு சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது படைவீரரிடையே பரவலான நம்பிக்கை. இது சரியன்று.

தரைப்படைத் தலைமையகம் 1988 டிசம்பர் 28 அன்று வெளியிட்ட கடிதம், இத்தகைய விடுவிப்புக்கு முன் நடுநிலையான முதனிலை விசாரணையும், விளக்கம் கோரும் அறிவிப்பும் தேவை என்கிறது. நான்கு பதிவுகள் இருந்தாலே விடுவிக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்றும், குற்றங்களின் தன்மை, நீண்ட பணி, கடினமான பணியிடங்கள் ஆகியவற்றை எண்ணிப்பார்க்கவேண்டும் என்றும், ஓய்வூதியத் தகுதியை நெருங்கியவரிடம் கடுமை காட்டலாகாது என்றும் அக்கடிதம் கூறுகிறது.

வீரேந்திர குமார் துபே எதிர் தரைப்படைத் தலைமைத் தளபதி வழக்கில் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இக்கடிதத்துக்குச் சட்ட வலு அளித்தது. விதி 13 இத்தகைய விசாரணையைக் கூறவில்லை எனினும், அதிகாரம் தன்னிச்சையாகப் பயன்படாமலிருக்க அக்கடிதம் காப்பாக உள்ளது எனக் கொண்டு, விசாரணையின்றி வந்த விடுவிப்பை நீக்கியது. வீரர் மீண்டும் சீருடை அணியவில்லை. ஓய்வூதியத் தகுதி நிறைவடையும் நாள் வரை பணியில் இருந்ததாக அவர் கருதப்பட்டார். இடைக்கால ஊதியம் மறுக்கப்பட்டது. இவ்வகை வழக்குகளில் எதிர்பார்க்கத்தக்க நிவாரணம் பெரும்பாலும் இதுவே.

எனினும் 2019 செப்டம்பரில், தொடர்ந்து விடுப்பின்றி இருந்த ஒரு சிப்பாயின் வழக்கில், அறிவிப்பு அளித்து அவர் மறுமொழியும் பெறப்பட்டிருந்ததால், விரிவான விசாரணை இல்லை என்பது மட்டும் ஆணையைக் கெடுக்காது என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே "விசாரணை நடக்கவில்லை" என்று மட்டும் எழுதும் மனு வலுவற்றது. எந்த அறிவிப்பு எந்நாளில் கிடைத்தது, என்ன மறுமொழி தரப்பட்டது, கடிதம் கூறும் எக்காரணி ஆராயப்படவில்லை என்பதை மனு காட்டவேண்டும்.

முறையிடும் வழி

படைத்துறை நீதிமன்றத் தீர்ப்பானால் 164ஆம் பிரிவின்கீழ் மனு அளிக்கலாம். தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடும் உண்டு. அதில் தண்டனையைக் குறைக்கவும் மாற்றவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உள்ளது. நிருவாக ஆணையானால் 14ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கவேண்டும்.

ஆயுதப் படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. தீர்ப்பாயம் 2009 ஆகத்தில் தொடங்கியது. இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். மனுவுக்கு ஆறு மாதம் வரை விடை இல்லையெனில், அதன்பின் மேலும் ஆறு மாதம் உண்டு. போதிய காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படலாம். பலர் தவறவிடுவது இக்காலவரம்பையே. மனுவை அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையைக் காத்துவைத்தால் நாள் கணக்கு எளிதாகும்.

எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூர் மாவட்டம் போத்தனூரைச் சேர்ந்த, மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றிய ஒருவர் நடத்தைத் தாள், அறிவிப்பு ஆகியவற்றின் படிகளை நீலகிரி மாவட்டம் வெலிங்டனிலுள்ள அப்படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திடம் கோரவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதற்குப் பயன்படும். வேறு படைப்பிரிவினர் தத்தம் ஆவண அலுவலகத்தை நாடவேண்டும். கோயம்புத்தூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டலாம். ஆணையை மாற்றும் அதிகாரம் அதற்கில்லை. ஆணை வடமாநில முகாம் ஒன்றில் பிறப்பிக்கப்பட்டிருந்தாலும், பணியிலிருந்து விலகியவர் தாம் வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய அமர்வில் விண்ணப்பிக்கலாம் என்பதால், சென்னை அமர்வே போதும்.

தீர்ப்பாயத்தில் தோற்றவர் உச்ச நீதிமன்றம் செல்ல, பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்ட வினா இருக்கவேண்டும் என்பது பெருந்தடை. 2015இல் வந்த ஒரு தீர்ப்பு உயர் நீதிமன்ற வழியையும் ஏறக்குறைய அடைத்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றங்களுக்குள்ள அதிகாரத்தைத் தீர்ப்பாயச் சட்டம் பறிக்காது எனத் தெளிவுபடுத்தியது. எனவே சென்னை அமர்வின் ஆணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்ய இயலும்.